தூக்கத்தில் நிற்கும் மூச்சு: வலிப்பு நோயில் திடீர் மரணம் பற்றி மலை ஊர்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் வலிப்பு நோய் உள்ளவர்களின் வீட்டார் கேட்கும் கேள்விகளுக்குப் பதில்கள் இவை. மாத்திரை அளவை மாற்றுவதும் புது மருந்து தொடங்குவதும் டாக்டரோடு பேசிச் செய்ய வேண்டியவை. மற்றபடி இன்று இரவே படுக்கையறையில் மாற்றக்கூடிய விஷயங்கள் இதில் நிறைய உண்டு. அவசரத்தில் இருப்பவர்கள் ஆறாவது கேள்விக்கு நேரே போய்விடலாம்.

1. டாக்டர் "சடெப்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அது என்ன?

வலிப்பு நோய் உள்ள ஒருவர், மற்றபடி நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர், திடீரென்று இறந்துபோகிறார். தண்ணீரில் மூழ்கவில்லை, விழுந்து அடிபடவில்லை, அரை மணிக்கு மேல் நிற்காத தொடர் வலிப்பும் இல்லை. பிரேதப் பரிசோதனையிலும் வேறு காரணம் எதுவும் தென்படவில்லை. இந்த மரணத்துக்குத்தான் சடெப் என்று பெயர். பெரும்பாலும் காலையில்தான் தெரியவரும். எழுப்பப் போனவர்கள், ஆள் குப்புறக் கிடப்பதைப் பார்ப்பார்கள். நம் ஊர்களில் மாரடைப்பு என்றோ, தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது என்றோ சொல்லி அடக்கம் முடிந்துவிடும். அதனால் கணக்கில் ஏறுவது குறைவு.

2. எத்தனை பேருக்கு இப்படி நடக்கிறது?

அமெரிக்க நரம்பியல் அகாடமி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வலிப்பு நோய் உள்ள பெரியவர்களில் ஒரு வருடத்தில் 1,000 பேருக்கு ஒருவர். குழந்தைகளில் 4,500 பேருக்கு ஒருவர். குழந்தைகளின் ஆபத்தும் பெரியவர்களுடையதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று பின்னால் வந்த சில ஆய்வுகள் காட்டின.

இது சராசரி. எல்லோருக்கும் ஒரே ஆபத்து கிடையாது. மாத்திரையோடு பல வருடம் வலிப்பே வராதவருக்கு ஆபத்து மிகக் குறைவு. கை கால் விறைத்து, உடம்பு முழுவதும் வெட்டி, நினைவு தப்பும் பெரிய வலிப்பு வருடத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல் வருபவருக்கு, அப்படி வராதவரைவிட ஏறக்குறைய 15 மடங்கு. பெரிய வலிப்பும் இருந்து, இரவில் அறையில் தனியாகவும் படுப்பவருக்கு, இவை இரண்டுமே இல்லாதவரைவிட 67 மடங்கு என்று 2020-ல் வந்த சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பயமுறுத்தும் எண்தான். ஆனால் அந்த 67-க்குள் இருக்கும் இரண்டு விஷயங்களுமே மாற்றக்கூடியவை.

3. எங்க தம்பிக்குக் கீழே விழும் வலிப்பு கிடையாது. கொஞ்ச நேரம் வெறிச்சுப் பார்ப்பான், அவ்வளவுதான். அவனுக்கும் பயப்படணுமா?

பெரிய வலிப்பே வராதவர்களிடம் சடெப் ஆபத்து குறிப்பிடும்படி கூடவில்லை என்றுதான் அதே சுவீடன் ஆய்வு காட்டியது. இங்கே ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும்: பெரிய வலிப்பு உண்மையாகவே வருவதில்லையா, இல்லை இரவில் வருவது யாருக்கும் தெரிவதில்லையா? காலையில் இவற்றைப் பாருங்கள்: நாக்கின் ஓரத்தில் கடிபட்ட காயம், தலையணையில் இரத்தக் கறை அல்லது கோழைக் கறை, நனைந்த படுக்கை, அடித்துப் போட்டது போன்ற உடம்புவலி, காரணமில்லாத தலைவலி, தோள்பட்டையில் வலி, கண்ணைச் சுற்றிச் சிறுசிறு சிவப்புப் புள்ளிகள். இவற்றில் ஏதாவது திரும்பத் திரும்ப வந்தால், வெறித்துப் பார்ப்பது மட்டும்தான் என்று முடிவுகட்டாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு வாரம் பழைய செல்போனை இரவு முழுக்க வீடியோ எடுக்க வைத்தாலே பல சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

4. வலிப்பு நின்ற பிறகு ஏன் உயிர் போகிறது? இதயம் நிற்பதாலா, மூச்சு நிற்பதாலா?

இந்தக் கேள்விக்கு நேரடிச் சாட்சி 2013-ல் கிடைத்தது. வீடியோவும், மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இஇஜி-யும் ஓடிக்கொண்டிருந்த மருத்துவமனைப் பிரிவுகளில், பல நாடுகளில், பதிவுக்கு நடுவிலேயே நடந்த சடெப் மரணங்களை மார்டெமஸ் என்ற ஆய்வு ஒன்றுதிரட்டியது. இருந்தவை 16, இவற்றில் மூச்சும் இதயமும் தெளிவாகப் பதிவானவை 10. அந்தப் பத்திலும் வரிசை ஒன்றே. பெரிய வலிப்பு முடிந்தது. மூச்சு வேகமாக வாங்கியது. மூன்று நிமிடத்துக்குள் மூச்சும் இதயத் துடிப்பும் சேர்ந்து தளர்ந்தன. சிலரிடம் அப்போதே எல்லாம் முடிந்தது. மற்றவர்களிடம் கொஞ்சம் தேறுவதுபோலத் தெரிந்து, வலிப்பு முடிந்த 11 நிமிடத்துக்குள் மூச்சு முற்றாக நின்றது. இதயம் நின்றது அதற்குப் பிறகுதான். 16-ல் 14 மரணங்கள் இரவில் நடந்தவை.

ஏன் மூச்சு நிற்கிறது? பெரிய வலிப்புக்குப் பிறகு மூளையின் மின்னோட்டமே சிறிது நேரம் அடங்கிப்போகிறது. மூச்சை ஓட்டும் மையம் மூளைத்தண்டில் இருக்கிறது. அதுவும் சேர்ந்து மந்தமாகிறது என்பதே இன்று பெரும்பாலான ஆராய்ச்சியாளர்களின் கருத்து. சாதாரணத் தூக்கத்தில் முகம் தலையணையில் புதைந்தால், இரத்தத்தில் கரியமில வாயு ஏறியதும் மூளைத்தண்டில் உள்ள சில நரம்பணுக்கள் நம்மைத் தட்டி எழுப்பும். நாமும் தெரியாமலேயே புரண்டுவிடுவோம். இந்த எழுப்பும் வேலையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளுக்குப் பங்கு உண்டு. வலிப்புக்குப் பிறகு அந்த மணி அடிப்பதில்லை. ஆள் புரள்வதும் இல்லை. இதோடு நாக்கு பின்னால் சரிவது, கோழை அடைப்பது, குரல்வளை இறுகுவது எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு விஷயமும் தெரியவந்திருக்கிறது. பொட்டு மூளைப் பகுதியில் தொடங்கும் வலிப்புகளில், உடம்பு வெட்டத் தொடங்கும் முன்பே மூச்சு சில நொடிகள் நிற்பதுண்டு. மூளையின் உள்ளே அமிக்டலா என்ற பகுதியை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தபோதும் மூச்சு நின்றது. மூச்சு நின்றதே அந்த நோயாளிக்குத் தெரியவில்லை. ஆகவே "மூச்சு முட்டினால் அவனே சொல்லுவான்" என்று காத்திருக்க முடியாது.

5. அப்படியானால் ஏன் பெரும்பாலும் இரவில்?

மூன்று காரணம். இரவில் பார்க்க ஆள் இல்லை. படுத்திருப்பதால் குப்புறப் புரள வாய்ப்பு அதிகம். உடலின் நிலை தெரிந்த 253 சடெப் மரணங்களை ஒன்றாகப் பார்த்த அலசலில் 73 சதவீதம் பேர் குப்புறக் கிடந்தார்கள். மூன்றாவது, தூக்கத்தில் வரும் வலிப்பில் ஆக்சிஜன் இறங்கினால் திரும்ப ஏற அதிக நேரம் எடுக்கிறது.

6. இரவில் வலிப்பு வந்தால் பக்கத்தில் படுத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் மணியைப் பாருங்கள். பெரும்பாலான வலிப்புகள் ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். அதுவரை கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாய்க்குள் துணியோ கரண்டியோ விரலோ வைக்கக் கூடாது. கட்டில் விளிம்பிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளிவிட்டு, தலைக்கு அடியில் மடித்த துண்டு வைத்தால் போதும். முகத்தின் மேல் கம்பளி இருந்தால் எடுத்து எறியுங்கள். குப்புறக் கிடந்தால் வெட்டு குறையும்வரை காத்திருக்க வேண்டாம். முகம் வெளியே தெரியும்படியாவது உடனே திருப்புங்கள். விறைப்புக் கட்டத்தில் உதடு நீலமாவது வழக்கம்தான். வெட்டு நின்று மூச்சு வந்தபின்னும் நீலம் மாறாவிட்டால்தான் ஆபத்து.

சாவிக்கொத்து, இரும்புத் துண்டு கொடுப்பது எதற்கும் உதவாது. வலிப்பு தானாக நிற்கும் நேரமும் இரும்பு தேடி எடுத்துவரும் நேரமும் ஒன்றாக இருப்பதால் வந்த நம்பிக்கை அது. இரும்பு தேடி ஓடும்போது ஆளை விட்டுப் போகிறீர்கள் என்பதுதான் அதில் உள்ள கேடு.

வெட்டு நின்றதும்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. வீட்டார் பலர் "நின்றுவிட்டது, தூங்கட்டும்" என்று விளக்கை அணைத்துவிடுவது இந்த நேரத்தில்தான். அப்படிச் செய்யாதீர்கள். இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேலே வரும் முழங்காலை மடக்கி முன்னால் கொண்டுவந்தால் உடம்பு குப்புறச் சரியாது. முகவாயை லேசாக மேலே தூக்குங்கள். வாயோரம் வழியும் எச்சிலை, வாந்தியைத் துடையுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தோளைத் தட்டுங்கள். இப்படித் தொட்டு எழுப்புவதே மூச்சு மையத்தை உசுப்பும்.

பிறகு நெஞ்சின் மேல் கையை வைத்து மூச்சை எண்ணுங்கள். முதலில் குறட்டைபோல் சத்தமாக, வேகமாக வாங்கும். மெல்ல மெல்லச் சீராக வேண்டும். வேகமாக வாங்கிய மூச்சு திடீரென்று ஆழமில்லாமல் போனாலும், இடையிடையே நின்றாலும், மீன் வாய் திறப்பதுபோல் எப்போதாவது ஒரு முறை மட்டும் இழுத்தாலும் அது மூச்சு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடனே 108. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஆளைத் தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துங்கள். பயிற்சி உள்ளவர்கள் 30 அழுத்தலுக்கு இரண்டு முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். இங்கே கோளாறு மூச்சில் என்பதால் அந்த இரண்டு ஊதலுக்கு மதிப்பு அதிகம். மெத்தையின் மேல் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும், அதனால்தான் தரை.

மார்டெமஸ் ஆய்வில் மூச்சு நின்றும் பிழைத்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு 3 நிமிடத்துக்குள் மீட்பு வேலை தொடங்கியிருந்தது.

ஆள் கண் திறந்து, தான் எங்கே இருக்கிறோம் என்று சொல்லும்வரை பக்கத்திலேயே இருங்கள். சிலருக்கு அரை மணி ஆகும். அதுவரை தண்ணீர், காபி எதுவும் வாயில் ஊற்றக் கூடாது.

7. மகன் கோவையில் ஹாஸ்டலில் இருக்கிறான். எஸ்டேட் குவார்ட்டர்ஸில் அவன் சித்தப்பாவும் தனியாகத்தான் படுக்கிறார். என்ன செய்வது?

ஒரே அறையில் இன்னொருவர் படுப்பது முதல் வழி. ஹாஸ்டல் என்றால் அறைத் தோழர்களில் இரண்டு பேருக்காவது நோயைச் சொல்லி, ஒருக்களித்துப் படுக்க வைப்பதை ஒரு தடவை செய்துகாட்டச் சொல்லுங்கள். ஒருவர் ஊருக்குப் போனாலும் இன்னொருவர் இருப்பார். குவார்ட்டர்ஸில் தனியாக இருப்பவர் கதவை உள்ளே தாழ் போடாமல், பக்கத்து வீட்டிலும் ஒரு சாவி கொடுத்து வைப்பது நல்லது. காலையில் குறித்த நேரத்தில் ஒரு மிஸ்டு கால் என்ற பழக்கமும் உதவும்; ஆனால் அது இரவைக் காக்காது.

கைக்கடிகாரம் போல் கட்டும் கருவிகள், மெத்தைக்கு அடியில் வைக்கும் சென்சார்கள் பெரிய வலிப்பைக் கண்டுபிடித்து அலாரம் அடிக்கும். மரணத்தைத் தடுக்கின்றன என்று நிரூபணமாகவில்லை. அலாரம் கேட்டு மூன்று நிமிடத்துக்குள் ஓடிவர ஆள் இல்லாத வீட்டில் அது வெறும் சத்தம். செல்போன் சிக்னல் வராத ஊரில், சிக்னலை நம்பி இயங்கும் கருவியை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். அடுத்த அறை வரை கேட்கும் குழந்தைக் கண்காணிப்பு மைக் மலிவு. சாதாரண லைன் வீட்டுக்கு அதுவே போதும்.

8. குளிருக்குத் தலைவரை போர்த்தித்தான் தூங்குவோம். மூச்சு முட்டாத தலையணை வாங்கலாமா?

துளையுள்ள விசேஷத் தலையணைகள் உயிரைக் காக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. அந்தக் காசுக்கு ஒரு நல்ல கம்பளித் தொப்பி, சாக்ஸ், ஸ்வெட்டர் வாங்கலாம். உடம்பு சூடாக இருந்தால் முகத்தை மூட வேண்டிய அவசியம் வராது. போர்வை கழுத்தோடு நிற்கட்டும். புதையும் பஞ்சுத் தலையணையை விட்டுத் தட்டையான, அழுத்தமான ஒன்று. பெரிய மெத்தென்ற ரஜாய்க்குப் பதில் இரண்டு மெல்லிய கம்பளி.

ஒருக்களித்துப் படுக்கப் பழக்குங்கள். ஆனால் ஒருக்களித்துப் படுத்தவரையும் வலிப்பு குப்புறப் புரட்டிப் போடலாம். அதனால் இதை மட்டும் நம்பி ஆளில்லாமல் விடக் கூடாது.

9. ஊட்டி, கொடைக்கானல் உயரம் இதைக் கூட்டுமா? கீழே குடிபோய்விடலாமா?

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,130. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம். விழித்திருக்கும்போது, விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜன் அளக்கும் ஆக்ஸிமீட்டரில் 93 முதல் 97 சதவீதம் வரை காட்டுவது இங்கே இயல்பு. தூக்கத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கும். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் உடம்பு இதற்குப் பழகியது. உயரம் மட்டுமே சடெப்பைக் கூட்டுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. இதற்காக வீட்டை விற்று மேட்டுப்பாளையம் இறங்குவதில் பொருளில்லை. அங்கே போய்த் தனி அறையில் படுத்தால் ஆபத்து கூடத்தான் செய்யும்.

தூக்கத்தில் மூச்சுத்தடை ஏற்கெனவே உள்ளவர்களின் கதை வேறு. சமவெளியிலிருந்து திடீரென்று மேலே வந்து தங்கும்போது, முதல் சில இரவுகளில் மூச்சு ஏறி இறங்கி, நடுநடுவே நிற்பது கூடும். ஊருக்கு வரும் உறவினருக்கு வலிப்பும் பலத்த குறட்டையும் இருந்தால், அந்த இரவுகளில் அவரைத் தனி அறையில் விட வேண்டாம். சாராயமும் வேண்டாம்.

ஆக்ஸிமீட்டர் பற்றி ஒரு வார்த்தை. குளிரில் விரல் சில்லிட்டிருந்தால், மருதாணியோ நகச்சாயமோ இருந்தால், உடம்பு வெட்டிக்கொண்டிருந்தால் அது தப்பாகக் காட்டும். வலிப்பு நேரத்தில் அதைத் தேடாதீர்கள், நெஞ்சைப் பாருங்கள்.

10. இரவில் அறைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொள்கிறோம். அதில் என்ன?

மலை உயரத்தைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும். மூடிய அறையில் குமுட்டி அடுப்போ கரிக் கணப்போ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, வாசனையில்லை. அது இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், வலிப்பையே தூண்டும், நல்ல உடம்புள்ளவரைக்கூட எழுந்திருக்க விடாது. நெருப்பு அணைந்து கங்காகிவிட்டால் ஆபத்தில்லை என்பது தவறு. கங்கும் அதே வாயுவைத்தான் விடும். இந்த வாயு ஏறிய இரத்தத்தையும் ஆக்ஸிமீட்டர் நல்ல ஆக்சிஜன் என்றே படிக்கும்; 98 காட்டிக்கொண்டே ஆள் மயங்கிக் கிடப்பார். படுக்கும் முன் அடுப்பை வெளியே வைத்துவிடுங்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே வைக்கலாம் என்ற சமரசம் வேண்டாம். உறைபனி இரவில் யாராவது எழுந்து அதை மூடிவிடுவார்கள்.

காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசரும் இதே வாயுவை விடும். குளிக்கும்போது வலிப்பு வந்து, கீசரை நிறுத்தியதும் அதன் பிறகு வராமலே போன நோயாளிகளைப் பற்றி இந்திய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கீசரைக் குளியலறைக்கு வெளியே மாட்டுங்கள். இன்னொரு விதமும் உண்டு: தலையில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவதாலேயே வரும் வலிப்பு, தென்னிந்தியாவில், குறிப்பாகத் தென் கர்நாடகத்தில் அதிகம். குளிர் ஊரில் இதைக் கவனிக்க வேண்டும். வெதுவெதுப்பான நீர், முதலில் உடம்புக்கு, கடைசியில் தலைக்கு. கதவைத் தாழ் போடக் கூடாது.

11. குறட்டைக்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம்?

தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக்குழாய் மூடிக்கொள்வதும், பத்து நொடிக்கு மேல் மூச்சு நிற்பதும், திடுக்கிட்டு இழுப்பதும் இரவு முழுக்க நடந்தால் அது தூக்க மூச்சுத்தடை நோய். ஒரு மணி நேரத்தில் 5 முதல் 15 தடவை என்றால் லேசானது, 30-ஐத் தொட்டால் கடுமையானது. வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருப்பதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

ஒன்று மற்றதை வளர்க்கும். மூச்சுத்தடை தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும். தூக்கம் கெட்டால் வலிப்பு கூடும். மறுபக்கம், சோடியம் வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் எடையைக் கூட்டும். எடை கூடினால் கழுத்தில் கொழுப்பு சேர்ந்து தடை கூடும். குளோபசாம், பீனோபார்பிட்டோன் போன்றவை தொண்டைத் தசையைத் தளர்த்தலாம். வலிப்பைக் குறைக்கக் கழுத்து நரம்பைத் தூண்டும் வேகஸ் நரம்புக் கருவி பொருத்தியவர்களில் சிலருக்கும் தடை அதிகமாகும். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் வரும் வலிப்பு குறட்டையைவிடப் பல மடங்கு ஆபத்து.

மூச்சுத்தடைதான் சடெப்புக்கு நேரடிக் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் அதைச் சரிசெய்த பலருக்கு வலிப்பு குறைகிறது என்பது தெரியும். வலிப்பு குறைந்தால் சடெப் ஆபத்தும் குறையும். இந்த ஒரு காரணமே பரிசோதனைக்குப் போதும்.

யாரைப் பரிசோதிக்க வேண்டும்? அடுத்த அறைக்குக் கேட்கும் குறட்டை, மூச்சு நின்றதை மற்றவர் பார்த்தது, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிவது, இரத்த அழுத்தம், 40 செ.மீ.-க்கு மேல் கழுத்துச் சுற்றளவு, 50-ஐத் தாண்டிய வயது, ஆண், அதிக எடை. இந்த எட்டில் மூன்று இருந்தாலே டாக்டரிடம் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். கழுத்தைத் தையல்காரரின் டேப்பால் அளக்கலாம். குழந்தைக்கு என்றால் டான்சிலும் மூக்கின் பின்சதையும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

12. சிபாப் மிஷின் போடச் சொன்னார்கள். மலையில் அது ஒத்துவருமா?

சிபாப் என்பது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி, தூக்கத்தில் மூச்சுக்குழாய் மூடாமல் காக்கும் மிஷின். மலையிலும் ஒத்துவரும், சில கவனங்களோடு. இரவுக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் போட வேண்டும்; தூங்கும் நேரம் முழுக்கப் போட்டால்தான் முழுப் பலன். புது மிஷின்கள் உயரத்துக்கு ஏற்ப அழுத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். பழையதை வாங்கினால் அந்த அமைப்பைக் கடைக்காரரைக் கொண்டு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் குறைந்தே வரும்.

மலையில் அடிக்கடி வரும் தொல்லை குழாயில் தண்ணீர் கோப்பது. ஈரப்பதப் பெட்டியிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று, சில்லென்ற அறையில் குளிர்ந்து, நீராகி மூக்கில் தெறிக்கும். குழாய்க்குத் துணி உறை போட்டு, போர்வைக்குள் வழியாக விட்டால் நிற்கும். ஈரப்பத அளவை ஒரு படி குறைத்தும் பார்க்கலாம். மழைக்காலத்தில் கரண்ட் போகும் ஊர் என்றால் இன்வெர்ட்டர் தேவை.

முகமூடியில் கவனம்: வலிப்பு நோயாளிக்கு மூக்கை மட்டும் மூடும் வகைதான் முதல் தேர்வு. வாயையும் சேர்த்து மூடியது என்றால், நினைவில்லாமல் வாந்தி எடுக்கும்போது அவரால் கழற்ற முடியாது. வலிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவர் முதலில் அதைக் கழற்றிவிட வேண்டும்.

13. டீ ஃபேக்டரியில் இரவு ஷிப்ட். விட்டுவிட வேண்டுமா?

கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் ஃபேக்டரி இரவெல்லாம் ஓடும். கேரட் அறுவடைக்கும் நள்ளிரவு தாண்டியே ஆட்கள் கிளம்புவார்கள். தூக்கக் குறைவு எல்லா வலிப்பையும் ஒரேபோல் தூண்டாது. காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறி, டம்ளர் தவறி விழும் இளவயது வலிப்பு வகையில் அது மிக மோசம். ஒரு ராத்தூக்கம் போனாலே அடுத்த காலை பெரிய வலிப்பு. அந்த வகையினர் இரவு வேலையை விடத்தான் வேண்டும். மேஸ்திரியிடமும் மேனேஜரிடமும் காட்ட டாக்டரிடம் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்கள், வேறு வழியே இல்லையென்றால், ஷிப்டை வாரா வாரம் மாற்றாமல் ஒரே நேரமாக வைத்து, பகலில் ஏழு மணி நேரம் இருட்டறையில் தூங்கி, மாத்திரையைக் கடிகாரத்தின்படியே போடுங்கள். "காலை, இரவு" என்று எழுதியதை "எழுந்ததும், படுக்கும்போதும்" என்று மாற்றிக்கொண்டால் இடைவெளி குளறும். பன்னிரண்டு மணி நேர இடைவெளிதான் முக்கியம். ரோலர், டிரையர் பக்கம் வேலை வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

14. மாத்திரை ஒரு வேளை தவறினால்?

நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால், இரண்டையும் சேர்த்துப் போடாமல் டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். ஏழு நாள் பெட்டி ஒன்று வாங்கினால் போட்டோமா இல்லையா என்ற குழப்பமே வராது. அலாரக் கருவி விலை கேட்பவர்களிடம் முதலில் இந்தப் பெட்டி இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்து குன்னூர்ப் பாதையோ வத்தலக்குண்டுப் பாதையோ மூடிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீட்டில் எப்போதும் பதினைந்து நாள் மாத்திரை கூடுதலாக இருக்கட்டும். கீழே கல்யாணத்துக்குப் போகும்போது மாத்திரை துணிப்பெட்டியில் அல்ல, கைப்பையில்.

15. சளி பிடித்தால் நீலகிரித் தைலம் தடவலாமா? ஆவி பிடிக்கலாமா?

வெறும் வெந்நீர் ஆவி பிடிக்கலாம். தைலமும் கற்பூரமும் வேண்டாம். நம் மலையின் பெயரைத் தாங்கிய பொருள்தான், வீட்டுக்கு வீடு இருப்பதுதான். ஆனாலும் யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. முகர்ந்தும் தடவியும் வலிப்பு வந்த நோயாளிகளைப் பெங்களூரு மருத்துவர்கள் ஆய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். இவை சேர்ந்த வலிநிவாரணி பாம், சில பற்பசைகளையும் லேபிள் பார்த்து வாங்குங்கள். கடையில் கேட்டு வாங்கும் தூக்கம் வரும் சளி மாத்திரைகளும், ட்ரமடால் சேர்ந்த வலி மாத்திரைகளும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ட்ரமடால் வலிப்பையும் தூண்டும், மூச்சையும் மந்தமாக்கும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும்.

16. பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் சொல்லாமல் விடலாமா?

மறைத்தால் நடப்பது இதுதான்: மாத்திரை ஒளித்து வைக்கப்படுகிறது, விருந்து வீட்டில் இரண்டு வேளை தவறுகிறது, இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கிறாள், வலிப்பு வரும்போது பக்கத்தில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் சாவி தேடுகிறார். ஆபத்துக்குத் தேவையான எல்லாம் ஒரே இரவில் கூடிவிடும். 1999-ல் செய்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடை ஆகாது. மாப்பிள்ளையிடம் முன்பே சொல்லி, ஆறாவது கேள்வியின் பதிலையும் படிக்கக் கொடுங்கள். வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண் என்றால் கருவுக்கு அது ஆகாது. கல்யாணத்துக்கு முன்பே டாக்டரைப் பார்த்து மாற்று கேளுங்கள், தானாக நிறுத்த வேண்டாம்.

17. எங்க அண்ணன் இப்படித்தான் போனார். நாங்க முழிச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமா?

கேமராவும் நர்சும் இருந்த மருத்துவமனைப் பிரிவுகளிலேயே இந்த மரணம் நடந்திருக்கிறது. பெரும்பாலும் சத்தமே இல்லாமல் நடப்பது இது. யார் தூங்கினார் என்று வீட்டுக்குள் கணக்குப் பார்ப்பது நியாயமில்லை. ஒன்று மட்டும் செய்யலாம்: வீட்டில் வேறு யாருக்காவது வலிப்போ, காரணமில்லாத மயக்கமோ, இளவயது மரணமோ உண்டென்றால் நரம்பியல் மருத்துவரிடமும் இதய மருத்துவரிடமும் சொல்லுங்கள். சில மரபணுக் கோளாறுகள் மூளை, இதயம் இரண்டையும் சேர்த்தே பாதிக்கும். ஓர் இசிஜி எடுத்துப் பார்ப்பது எளிது.

18. எப்போது 108-ஐக் கூப்பிட வேண்டும்? மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வீட்டில் வைக்கலாமா?

ஐந்து நிமிடத்தில் நிற்காத வலிப்பு, நினைவு திரும்புமுன் அடுத்த வலிப்பு, நின்ற பிறகு சரியாக வராத மூச்சு, தண்ணீரில் வந்த வலிப்பு, தலையில் அடி, கர்ப்பிணி, வாழ்நாளில் முதல் வலிப்பு: இவற்றுக்கு உடனே. மூடுபனி இரவில் வண்டி வர நேரமாகும் ஊர்களில் ஐந்து நிமிடம் காத்திருக்காமல், மூன்றாவது நிமிடத்திலேயே ஃபோன் செய்துவிடுங்கள், நின்றுவிட்டால் சொல்லிக்கொள்ளலாம். ஊர் பெயரோடு பேருந்து நிறுத்தத்தையோ எஸ்டேட் டிவிஷனையோ சொல்லுங்கள். ஒருவர் டார்ச்சோடு ரோட்டில் நிற்கட்டும்.

நிற்காத வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலாம் ஸ்ப்ரேயை டாக்டர் எழுதிக் கொடுத்தால் வைத்திருக்கலாம். ஆஸ்பத்திரி தூரமான ஊருக்கு அது பெரிய துணை. தவறு நடப்பது அளவில்தான். ஓர் அழுத்தலுக்கு 0.5 மி.கி. வரும் பாட்டிலும் உண்டு, 1.25 மி.கி. வருவதும் உண்டு. எடைக்கு ஏற்ற அளவு வர இரண்டிலும் அழுத்தும் எண்ணிக்கை வேறு. பழைய பாட்டிலின் எண்ணிக்கையைப் புதிதில் அடித்தால் குறையும், அல்லது கூடிவிடும். மூக்குச் சொட்டு மருந்துபோல் ஒரே ஓர் அழுத்தலோடு நிறுத்துபவர்களும் உண்டு. ஆளின் எடை, எத்தனை அழுத்தல், ஒவ்வொரு மூக்குத் துளையிலும் எத்தனை என்று டாக்டரிடம் கேட்டுப் பாட்டிலிலேயே ஒட்டி வையுங்கள். புதுப் பாட்டிலை முதலில் காற்றில் இரண்டு மூன்று தடவை அழுத்தி, சாரல் வருகிறதா என்று பாருங்கள். மருந்து அடித்த பிறகு மூச்சு மந்தமாகலாம். குடித்திருந்தால் இன்னும் அதிகம். அதனால் அடித்துவிட்டுப் படுக்கப் போகக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வண்டி வரும்வரை மூச்சை எண்ணிக்கொண்டே இருங்கள். காலாவதி தேதியைப் பொங்கலுக்கும் ஆடி மாதத்துக்கும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.